ஏரியில் நனைந்த பிரேக்

படகு ஏற்றும் ட்ரெய்லருக்கு பிரேக் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்தான்.

என் கணவர் சிங்காநல்லூரில் ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்துகொண்டிருந்தார். தொண்ணூறுகளின் நடுவில், வால்பாறைக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் அங்கிருந்த ஏரிக்கு ஒரு சின்னப் படகு கேட்டார்கள். அதை ஜீப்புக்குப் பின்னால் ட்ரெய்லரில் கட்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்ற வேண்டும்.

"மூட்டை ஏத்தற டிராக்டர் டிப்பருக்கே பிரேக் கெடையாது அம்மணி. படகு என்ன கனம்?" என்றார்.

"டிப்பர் மலை எறங்குதுங்களா?" என்றேன்.

பழைய காரின் அச்சு ஒன்று கிடைத்தது. அதிலிருந்த ஆயில் பிரேக்கையே வைக்கலாம் என்றார். படகை இறக்கும்போது தண்ணீரில் முங்கி எழும் சக்கரத்தில் ஆயில் குழாய் துருப்பிடித்து ஒழுகினால் யாருக்குத் தெரியும்? கேபிள் பிரேக் என்றால் கண்ணால் பார்க்கலாம். ஜீப் வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னால் வந்து கொக்கியை அழுத்தும். அந்த அழுத்தம் கேபிளை இழுக்கும். அதுவே போதும் என்று சாதித்தேன். பட்டறையில் கேபிளை "இன்னொரு சுத்து டைட் பண்ணுங்க" என்றதும் நான்தான். அதோடு விட்டேனா? பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க நானும் கிளம்பினேன். பால்குடி மறக்காத மகளை விட்டுவிட்டு வர முடியாது. அவளும் வந்தாள்.

ஆழியாறு தாண்டி, வண்டி நின்ற இடத்தில் எல்லாம் அவளை சீட்டில் கிடத்திவிட்டு இறங்கி, ட்ரெய்லர் சக்கரத்தின் பிரேக் ட்ரம்மைப் புறங்கையால் தொட்டேன். ஏறும்போது பிரேக்குக்கு வேலையில்லை; அது சுடக் கூடாது. இடது பக்கம் சுட்டது. நான் கேட்ட அந்த ஒரு சுற்று. அவர் ஸ்பேனரால் கேபிளைத் தளர்த்திவிட்டு, "பிரேக் இன்ஸ்பெக்டருக்குத் திருப்திங்களா?" என்று சிரித்தார்.

சூடான ட்ரம்மைத் தண்ணீரில் இறக்கினால் விரிசல் விடும் என்று படித்திருந்தேன். ஏரிக்கரையில் குந்தி உட்கார்ந்து, ஆறும்வரை தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். படகு இறங்கியது. நனைந்து ஏறிய ட்ரெய்லரைக் கரையில் நிறுத்தி, உருண்டுவிடாமல் அதன் கைப்பிரேக்கை இறுக்கிப் போட்டேன். அதற்குள் ஜீப்பிலிருந்து அவர் குரல்.

"அம்மணி, இங்க வா. பாப்பாவுக்கு மேலு சுடுது."

காலையிலிருந்து அவள் சிணுங்காமல் தூங்கியதை என் நல்ல நேரம் என்று நினைத்திருந்தேன்.

"ட்ரெய்லர இங்கயே போட்டுட்டுப் போலாங்க. பிரேக் ஈரமா இருக்குது, புடிக்காது."

"காலி வண்டிதான? மெதுவாப் போனாக் காஞ்சுக்கும்."

"மெதுவாப் போறதுக்கு நேரமில்லீங்க."

அவர் கொக்கியைக் கழற்றினார்.

பொள்ளாச்சியில் டாக்டர், சாதாரணக் காய்ச்சல்தான் என்று மருந்து எழுதினார். "எப்பலிருந்து சுடுதுங்க?" என்று கேட்டார். ட்ரம் எப்போது சுட்டது என்று கேட்டிருந்தால் வளைவு வளைவாகச் சொல்லியிருப்பேன். என் கணவர்தான், "மத்தியானத்துலிருந்துங்க" என்றார். அது உண்மையா என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

மகள் தேறிய பிறகு ட்ரெய்லரை எடுக்கப் போனோம். சக்கரம் அசையவில்லை. ஈரத்தோடு கைப்பிரேக் போட்டு விட்டதில், உள்ளேயிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூ துருவேறி ட்ரம்மோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கைப்பிரேக்குக்குப் பதில் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்திருந்தால் போதும். அவர் மண்ணில் படுத்து, சுத்தியலால் ட்ரம்மைத் தட்டித் தட்டி விடுவித்தார்.

"நீ கேட்ட பிரேக்கு நல்லாத்தான் புடிச்சிருக்குது."

காய்ச்சலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும்.

இறங்கும்போது முதல் வளைவு தாண்டி ஜீப்பை ஓரம் கட்டினார்.

"ஏன், இன்ஸ்பெக்டர் எறங்கலையா?"

"நீங்களே பாருங்க."

அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ரெண்டு பக்கமும் ஒரே சூடுதான் என்றார். நான் தலையாட்டினேன். மகள் மடியில் விழித்துக்கொண்டு, கழுத்தில் வைத்த என் கையைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தாள். நானும் திரும்பத் திரும்ப வைத்தேன். மலை இறங்கி முடியும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை. ஆனால் காது முழுக்கப் பின்னால், அந்தச் சக்கரத்தில்தான் இருந்தது.