தலைகீழாக விழுந்த ஆறு

கம்பெனி பஸ்ஸில் இடதுபக்க ஜன்னல் சீட்டுக்காக நான் போடாத சண்டை இல்லை. அன்று அந்தச் சீட்டு எனக்குக் கிடைத்தது. முதல் ஷிஃப்ட் முடிந்து, பஸ் ஒரகடத்தைத் தாண்டிப் படப்பைப் பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தது. டீக்கடை ஒன்றின் ஓரமாக ஆரஞ்சு நிறத்தில் ஒரு கார் நின்றது. நான் பக்கத்தில் நின்றால் என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரும், அவ்வளவுதான் உயரம். அதன் பின்விளக்கைப் பார்த்ததும் சீட்டிலிருந்து எழுந்துவிட்டேன். அது ஆட்டோவின் பின்விளக்கு. ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆட்டோ விளக்கைப் பொருத்தி விற்ற கம்பெனி எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான், அதில் நான் வேலை பார்த்திருக்கிறேன்.

"நிறுத்துங்க! வண்டிய நிறுத்துங்கண்ணே!"

தூங்கிக்கொண்டிருந்த பஸ் முழுக்க எழுந்துவிட்டது. யாரோ கீழே விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து டிரைவர் பிரேக் அடித்தார். விஷயம் ஒரு கார் என்று தெரிந்ததும் அவருக்கு வந்த கோபம் நியாயமானதுதான். ஆனாலும் கதவு திறந்துவிட்டதே, நான் இறங்கிவிட்டேன். சேஃப்டி ஷூவோடு ஓடுவது எவ்வளவு கஷ்டம் என்று போட்டு ஓடியவர்களுக்குத் தெரியும். ஓடிக்கொண்டே போன் போட்டேன்.

"அண்ணே, நம்ம வண்டி ஒண்ணு ரோட்டுல நிக்கி!"

"இன்னா வண்டி?"

"நம்ம வண்டிண்ணே! நாம செஞ்சது!"

போனில் பிரேக் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. பிறகு, "அங்கியே நில்லு தங்கச்சி. ஆளுங்கள எறக்கி வுட்டுட்டு வந்துகினே கீறேன்" என்றார்.

அண்ணன் இந்த ஊர்க்காரர். இப்போது படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். பல வருஷத்துக்கு முன்னால் அந்த ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனியில் காருக்கு ஃபைபர் பாடி வார்த்தவர் அவர்தான். நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து டிப்ளமோ சான்றிதழோடு வந்து இறங்கியவள். பெரிய பிளான்ட்டுகள் எதுவும் என்னை எடுக்காததால் அந்தத் தகரக் கொட்டகைக்குப் போனேன். மொத்தம் ஏழு பேர். பெரிய கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்த ஒரு என்ஜினீயர்தான் முதலாளி. சாதாரணச் சின்ன காரின் என்ஜினை வாங்கி சீட்டுக்குப் பின்னால் வைப்போம். வேனிலிருந்து வைப்பர், ஆட்டோவிலிருந்து பின்விளக்கு, கதவைச் சாத்த ஒரு பெல்ட் துண்டு. மழை பெய்தால் காலடியில் தண்ணீர் நிற்கும். இப்படிச் சொன்னால் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு வண்டியும் முதல்முறை உறுமி வெளியே போகும்போது ஏழு பேரும் ரோடுவரை பின்னாலேயே ஓடுவோம். மொத்தம் பதினொரு வண்டிகள் செய்தோம். பிறகு ஒரு திங்கட்கிழமை போனபோது ஷட்டர் இறங்கியிருந்தது.

அந்தப் பதினொன்றில் ஒன்றைக்கூட நான் ஓட்டியதில்லை. முதலாளி மட்டும்தான் ஓட்டிப் பார்ப்பார். அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

காருக்குப் பக்கத்தில் காட்டன் புடவை கட்டிய ஒரு பெண்மணி டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார். நான் போய் முதலில் காரைத் தொட்டேன். பிறகுதான் அவரிடம் பேசினேன். நான் யார் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துபவராம். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கண்காட்சியில் பார்த்து, வீட்டில் எல்லோரும் தலையில் அடித்துக்கொள்ள, பிடிவாதமாக வாங்கியிருக்கிறார். பதினைந்து வருஷமாக அதில்தான் கல்லூரிக்குப் போகிறார். பிள்ளைகள் அவரை 'ரேஸ் மேடம்' என்று கூப்பிடுகிறார்களாம்.

"எத்தனாவது வண்டி மேடம் இது?" என்று கேட்டேன்.

"ஆறாவது. அதுலதான் இப்ப பிரச்சினையே."

மீதியை அவர் சொல்லாமலே எனக்குத் தெரியும்.

பதினைந்து வருஷம் முடிந்ததால் பதிவைப் புதுப்பிக்க அன்று காலை வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸ் சோதனைக்குக் கொண்டுபோயிருக்கிறார். ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் அடிச்சட்ட எண், அதாவது சேஸிஸ் எண், 06 என்று முடிகிறது. இன்ஸ்பெக்டர் சீட்டை நகர்த்தி, அடியில் இரும்பில் அடித்திருந்த எண்ணைப் பார்த்தால் 09 என்று இருக்கிறது. 09 என்று முடியும் வண்டி வேறொரு ஊரில் வேறொருவர் பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் இது எங்கிருந்து வந்தது, எண்ணை மாற்றிய திருட்டு வண்டியா என்று கேட்டிருக்கிறார். நாளைக்குள் சரியான விளக்கம் இல்லையென்றால் புதுப்பிக்க முடியாது என்று எழுதிவிடுவாராம்.

"அப்படி எழுதிட்டா இது இனிமே ரோட்டுக்கே வர முடியாது. காயலான் கடைதான்" என்றார் அவர்.

இதற்குள் அண்ணனும் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு வந்துவிட்டார். காரைச் சுற்றி ஒரு சுற்று வந்து, பானெட்டைத் தட்டிப் பார்த்து, "ஒரு விரிசல் கீதா பாரு! எப்டி வார்த்துக்கிறேன்!" என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார். விஷயத்தைச் சொன்னோம். அவர் என்னைப் பார்க்காமல் டீயை வாங்கிக் குடிக்க ஆரம்பித்தார்.

இப்போது நான் ஒரு பெரிய பிளான்ட்டில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். லைனில் ஒரு போல்ட் லூசாக இருந்தால்கூட ஊரைக் கூட்டுகிறவள். என்னைக் கண்டாலே பையன்கள் நிமிர்ந்து நிற்பார்கள். அப்படிப்பட்டவள் இதை எப்படிச் சொல்வது? காரைப் பார்த்தேன். ஆட்டோ விளக்கு என்னைப் பார்த்தது. சொல்லிவிட்டேன்.

"மேடம், அந்த நம்பரை அடிச்சது நான்தான். அது ஆறுதான். தலைகீழா அடிச்சிட்டேன்."

எண் அடிக்கும் பஞ்ச் பெட்டியில் ஒன்பதுக்கு என்று தனி பஞ்ச் கிடையாது. ஆறைத் திருப்பிப் பிடித்தால் ஒன்பது. வழக்கமாக வெறும் சேஸிஸ் கிடக்கும்போதே எண்ணை அடித்துவிடுவோம். ஆறாம் வண்டிக்கு அதை மறந்து பாடியை ஏற்றிவிட்டோம். உடம்பு மெலிந்தவள் நான்தான் என்று என்னை உள்ளே அனுப்பினார்கள். கால் மேலே, தலை கீழே, கையில் சுத்தியல். எதிர்ப்பக்கத்திலிருந்து அடிப்பதால் எல்லா எண்ணையும் கவனமாகத் திருப்பிப் பிடித்து அடித்தேன். கடைசி எண்ணில் பழக்கதோஷம், பஞ்சை நேராகப் பிடித்துவிட்டேன்.

அது மட்டும் என்றால் தவறு. அதற்குப் பிறகு நான் செய்தது திருட்டுத்தனம். பதிவு விண்ணப்பத்தில் ஒட்ட பென்சில் பிரிண்ட் எடுக்க வேண்டும். எண்ணின்மேல் மெல்லிய தாளை வைத்து பென்சிலால் தேய்த்தால் எண் அப்படியே தாளில் விழும். தேய்த்தேன், 09 என்று விழுந்தது. இரும்பில் அடித்த எண்ணை அரத்தால் ராவி அழித்தால் அதுவே குற்றம். சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது, வேலை போய்விடும் என்று பயந்தேன். தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, ஒரு தகரத் துண்டில் எண்ணைச் சரியாக அடித்து, அதிலிருந்து பிரிண்ட் எடுத்து ஒட்டிவிட்டேன். அந்தப் பிரிண்ட்டை வைத்தே பதிவு நடந்துவிட்டது. இது யாருக்கும் தெரியாது என்று பதினைந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப் போகிறார் என்று தயாராக நின்றேன்.

"அப்போ பதினஞ்சு வருஷமா நான் உக்காந்து ஓட்டினது உங்க தப்பு மேலயா?" என்றார். அடுத்த நொடி இடி இடியென்று சிரித்தார். சிரித்து முடித்து, "நாளைக்கு வந்து இத அப்படியே சொல்வீங்களா?" என்று கேட்டார்.

"சொல்லுதேன் மேடம். எழுதியும் தாரேன்."

மறுநாள் லீவு போட்டேன். ஸ்ரீபெரும்புதூரில் ஹார்டுவேர் கடை திறக்கும் முன்பே போய் நின்று, ஒரு பஞ்ச் பெட்டி வாங்கிக்கொண்டேன். அண்ணனும் அன்றைய சவாரியை விட்டுவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வந்தார். "உனுக்குத் தொணையா இல்ல, வண்டிக்குத் தொணையா வரேன்" என்றார்.

இன்ஸ்பெக்டர் நிதானமான மனிதர். நான் சொன்னதை முழுதும் கேட்டார். பெட்டியைத் திறந்து, ஒன்பதே இல்லாததைக் காட்டி, அலுமினியத் துண்டில் ஆறை இரண்டு விதமாகவும் அடித்துக் காட்டினேன். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. என் குற்றத்தை நிரூபிக்க நான் அவ்வளவு துடித்தது எனக்கே வேடிக்கையாக இருந்தது.

"ஏம்மா, இப்படி நடக்க முடியும்னு ஒத்துக்கறேன். ஆனா இந்த வண்டியில இப்படித்தான் நடந்துச்சுன்னு எத வச்சு நம்புறது? நீங்க இவங்களுக்கு வேண்டியவங்களா இருக்கலாம்ல?"

கம்பெனி இல்லை, ரிஜிஸ்டர் இல்லை, முதலாளி எந்த நாட்டில் இருக்கிறார் என்றும் தெரியாது. மேடம் கார் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பிடியைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அப்போது அண்ணன் தொண்டையைச் செருமினார். "சார், டிக்கியத் தொறக்கலாமா?"

திறந்தோம். அடியில் ஒட்டியிருந்த கார்பெட்டின் ஒரு மூலையை அவர் நகத்தால் கிளப்பி, மெதுவாக உரித்தார். கீழே ஃபைபர் தரை, அதன்மேல் தேன் நிறத்தில் கண்ணாடியாக இறுகிய ரெசின் பசை. ரெசினுக்கு உள்ளே ஒரு தாள். கசக்கிப் பிரித்த மடிப்புகள்கூடத் தெரிந்தன. அதில் பென்சில் தேய்ப்பு, நடுவே வெள்ளையாக எண், கடைசியில் 09.

நான் எறிந்த தாள்!

அதன் கீழே நீலப் பேனாவில் அண்ணனின் கோணல் எழுத்து. இன்ஸ்பெக்டர் போன் லைட்டை அடித்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சத்தமாகப் படித்தார்.

"ஆறாவது வண்டி. ஆறு தலகீயா வுயுந்துச்சி. சொன்னா தங்கச்சி அயும். சொல்லல."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் கார்பெட் ஓரத்திலிருந்த பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். எறிந்த தாளை எடுத்துப் பார்த்து, நடந்ததைப் புரிந்துகொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், டிக்கித் தரையைக் கெட்டிப்படுத்தும்போது உள்ளே வைத்து வார்த்துவிட்டிருக்கிறார். வெளியிலிருந்து பிறகு யாரும் அங்கே எதையும் நுழைக்க முடியாது. இன்ஸ்பெக்டரும் விரலால் அழுத்திப் பார்த்து அதைத்தான் சொன்னார்.

"இதப் பேர்த்து எடுக்க வேணாம், அப்படியே இருக்கட்டும். போட்டோ எடுத்துக்கறேன். என்ஜின் நம்பர் ஒத்துப்போகுது. நீங்க நடந்ததை எழுதிக் குடுங்க, மேல அனுப்புறேன்" என்றார். பிறகு ஒரு மெல்லிய தாளையும் பென்சிலையும் என்னிடம் நீட்டினார். "பிரிண்ட்ட நீங்களே எடுங்க. இந்தத் தடவ ஒழுங்கா."

சீட்டை நகர்த்திவிட்டு மறுபடியும் தலைகீழாக உள்ளே போனேன். இப்போது உடம்பு பெருத்துவிட்டது, பாதியில் மாட்டிக்கொண்டேன், மேடமும் அண்ணனும் காலைப் பிடித்து இழுத்தார்கள். தாளில் ஒன்பது விழுந்தது. கீழே என் பெயரை எழுதி, 'தலைகீழாக அடித்தது நான்' என்று கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

பதிவைப் புதுப்பிக்கும் உத்தரவு வர ஒரு மாதம் ஆனது. வந்த அன்றைக்கே மேடம் என்னையும் அண்ணனையும் அதே டீக்கடைக்கு வரச்சொல்லி, காரைக் கொண்டுவந்து, சாவியை என் உள்ளங்கையில் வைத்தார்.

"ஓட்டுங்க."

"நானா?"

"வேற யாரு? ரெண்டு சீட்டுதான். உங்க அண்ணனக் கூட்டிட்டுப் போங்க. நான் ஆட்டோவப் பாத்துக்கறேன்."

ஆட்டோவின் அருகே அவர் போய் நின்றதுமே ஒரு அம்மா வந்து, "படப்பை போவுமா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. என் தவறின் மேலேயே உட்கார்ந்து, பெல்ட் துண்டை இழுத்துக் கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பினேன். முதுகுக்குப் பின்னால் என்ஜின் உறுமியது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நாங்கள் பின்னாலேயே ஓடிய அதே சத்தம். இரண்டாம் கியர், மூன்றாம் கியர். கன்டெய்னர் லாரிகளின் சக்கரம்தான் எங்கள் கண் உயரத்துக்கு இருந்தது. நான் கத்தினேன், அண்ணனும் கத்தினார். சிக்னல் வந்ததும்தான் கேட்க முடிந்தது.

"ஏண்ணே, அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"அயுதுருப்ப."

"இப்ப மட்டும் என்ன செய்யுதேன்?"

அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"தொடச்சிகினு ரோட்டப் பாரு தங்கச்சி. பச்ச வுயுந்துடிச்சி."