ஜன்னல் திறந்ததும் எழுந்துபோனவர்

புவனோஸ் ஐரெஸ் நகரத்துக்கு நவம்பரில் ஊதா நிறம். ஜக்கரந்தா மரங்கள் பூத்துத் தள்ளும். தெருவும் ஊதா, நிறுத்திவைத்த கார்களும் ஊதா. எங்கள் பஸ்களின் கூரையில் ஒட்டிக்கொண்ட பூக்கள் டிக்கெட் வாங்காமல் ஊரைச் சுற்றிவிட்டு ஆற்றங்கரைப் பக்கம் இறங்கிக்கொள்ளும். அந்த மாதத்தில் ஆன்செல்மோ பாரகான் கடைசி நிறுத்தத்தில் வண்டியை அணைத்துவிட்டு உடனே இறங்க மாட்டார். ஸ்டியரிங் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். சூடு ஆறும் எஞ்சினிலிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம் வரும்.

"கேளு," என்பார் என்னிடம். "நாள் பூரா ஜனங்க பேசினதை வண்டி இப்பதான் அசைபோடுது."

சூடான இரும்பு ஆறினால் சுருங்கும், சுருங்கினால் சத்தம் வரும், அவ்வளவுதான் என்பேன். "அதுவும் சரிதான்," என்று மாத்தே என்ற கசப்பு மூலிகைத் தேநீர்க் குடுவையை என்னிடம் நீட்டுவார். அவர் உறிஞ்சிய அதே குழாயில் நானும் உறிஞ்சுவேன். நானும் அதே லைனில் ஓட்டுகிறவன். தொழிற்சங்கத்துக்கு எங்கள் டிப்போவின் பிரதிநிதி. இந்தக் கதையை அந்த மாத்தேயோடு சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக அவர் வாயிலிருந்தே கேட்டேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு வலது திருப்பத்தில், சைக்கிளில் வந்த ஒரு பெண் அவர் வண்டியின் பக்கவாட்டில் மோதி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. பிழைத்துக்கொண்டாள். தப்பு யார்மீதும் இல்லை என்று போலீஸ் எழுதியது. கம்பெனி பத்து நாள் லீவு கொடுத்து, பதினோராம் நாள் அதே வண்டியில் ஏற்றிவிட்டது. கண்ணாடி மாற்றியாகிவிட்டது, பிரேக் பார்த்தாகிவிட்டது, ஓட்டுகிறவனை யார் பார்ப்பது? ஒவ்வொரு வலது திருப்பத்திலும் ஆன்செல்மோவின் கை நடுங்கியது. எங்கள் பாதையில் வலது திருப்பத்துக்குப் பஞ்சமே இல்லை.

தொழிலாளர் மருத்துவத் திட்டம் உளவியல் சிகிச்சைக்குச் சில அமர்வுகளை மட்டும் ஒதுக்கியது. அவை தீர்ந்ததும், நடுக்கமும் தீர்ந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டது. இதே ஊரின் பணக்காரப் பேட்டைகளில் ஒரே சாய்வு நாற்காலியில் இருபது வருஷமாகப் படுத்துக்கிடந்து தன் அம்மாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பேசட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மனது என்பது அவர்கள் வீட்டில் மட்டும் வளர்க்கும் நாய்க்குட்டியா? டிப்போ வாசலில் சீட்டுப் பார்த்து ஆரூடம் சொல்லும் ஒருத்தி இருந்தாள். "உன்மேல ஒரு நிழல் படிஞ்சிருக்கு" என்று ஆன்செல்மோவிடம் சொன்னாள். சொன்னதற்குக் கூலியும் வாங்கிக்கொண்டாள். ஏழைக்கு ஆரூடம், பணக்காரனுக்கு சிகிச்சை. இந்தப் பங்கீட்டை யார் செய்தது?

கடைசியில் அவரை அரசு ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். அங்கே எதற்கும் காசு கிடையாது. டாக்டர் பெர்லாவின் அறையில் சுண்ணாம்பு உரிந்த சுவர், இரண்டு நாற்காலி, ஒரு ஜன்னல். அந்த ஜன்னலின் சட்டம் மழையில் ஊறி உப்பியிருக்கும். தெருச் சத்தம் வராமல் இருக்க, பேசும் நேரம் முழுவதும் அதை மூடிவைப்பார்கள். நேரம் முடிந்ததும் டாக்டர் எழுந்துபோய் இரண்டு கையாலும் தள்ளுவார். "டக்" என்று திறக்கும். "முடிந்தது" என்று ஒரு வார்த்தைகூட அவர் சொன்னதில்லை. ஜன்னல் திறந்தால் ஆன்செல்மோ எழுந்து, எங்கள் வழக்கப்படி டாக்டரின் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டு வெளியே போவார். பாதி வாக்கியத்தில் இருந்தாலும் அப்படித்தான். மீதி அடுத்த வாரம்.

ஒரு வருஷத்தில் நடுக்கம் நின்றது, வாராவாரம் போவது மட்டும் நிற்கவில்லை. சைக்கிள் பெண்ணில் தொடங்கிய பேச்சு அவருடைய அப்பாவிடம் போனது, அங்கிருந்து எங்கெங்கோ போனது. அவருக்கு ஒரு கனவு திரும்பத் திரும்ப வரும். ஆற்றுக்கு அடியில் பஸ் ஓட்டுகிறார். பயணிகள் எல்லோரும் வாயசைக்கிறார்கள். சத்தம் இல்லை, குமிழிகள் மட்டும் மேலே போகின்றன. ஒரு குமிழியைப் பிடித்துக் காதில் வைத்தால் கேட்கும் என்று அவருக்குத் தெரியும். ஸ்டியரிங்கை விட முடியவில்லை.

கனவைப் பேசாத டிரைவர் எங்கள் ஊரில் இல்லை. கால்பந்துக்கு அடுத்தபடி அதுதான். கனவு எதையாவது சொல்கிறது என்பதை நான் நம்புவதில்லை. ஆனால் நடுங்கிய கை நின்றதை என் கண்ணால் பார்த்தேன். சாட்சி இருந்தால் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஜனங்கள் பேசுவதைக் கேட்கிற வேலைதான் தனக்கு என்று ஆன்செல்மோ அந்தக் கனவுக்கு அர்த்தம் எடுத்துக்கொண்டார். நாற்பத்தெட்டு வயதில், அரசுப் பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கச் சேர்ந்துவிட்டார். அங்கேயும் கட்டணம் கிடையாது, யாரும் வரலாம். இந்த நாட்டை நான் எத்தனையோ திட்டுவேன், அந்த ஒரு வாசலை மட்டும் திட்ட மாட்டேன். காலை ஷிப்ட் முடித்துச் சீருடையோடு வகுப்புக்குப் போவார். மகள் வயதுப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து குறிப்பு எடுப்பார். அப்படியே இரண்டு வருஷம். முழுமனதாகப் படித்தார் என்றும் சொல்ல முடியாது. "சும்மா யோசிச்சுப் பாக்குறேன்," என்பார். "படிச்சா ஆயிடணும்னு இருக்கா என்ன?"

டிப்போவில் அவர் பெயர் "டாக்டர்" ஆகிவிட்டது.

"டாக்டர், என் மச்சான் கடன் கேக்குற மாதிரி கனவு கண்டேன். என்ன அர்த்தம்?"

"உன் மச்சான் கடன் கேப்பான்னு அர்த்தம்."

போன நவம்பரில்தான் விஷயம் கழுத்துக்கு வந்தது. டிப்போ மேனேஜர் ரொசெத்தியை எல்லோரும் குண்டன் என்றுதான் கூப்பிடுவோம். அவரும் போனை எடுத்தால் "குண்டன் பேசுறேன்" என்பார். அவர் ஆன்செல்மோவை அழைத்து இன்ஸ்பெக்டர் வேலை தருவதாகச் சொன்னார். ஸ்டியரிங் கிடையாது, திருப்பம் கிடையாது, வெள்ளைச் சட்டை. ஆனால் முழுநாள் வேலை, வகுப்புக்கு வழியில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

வீட்டில் மனைவி நெலிதா துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "கிழவா, நீ படிச்சு முடிக்கும்போது உனக்கு வயசு என்ன?"

"அம்பத்தஞ்சு இருக்கும்."

"படிக்கலன்னா?"

ஆன்செல்மோ யோசித்தார். "அப்பவும் அம்பத்தஞ்சுதான்."

"அதான் கேட்டேன். என் முதுகு வலிக்குது, உன் முதுகும் வலிக்குது. இன்ஸ்பெக்டர் ஆனா கோடையில கடற்கரைக்குப் போகலாம். நான் போகச் சொல்லல, இருக்கவும் சொல்லல. நீ மட்டும் தூங்காம புரளாத, மெத்தை ஆடுது."

செவ்வாய்க்கிழமை ஒரு பாடத்துக்கு வாய்மொழித் தேர்வு இருந்தது. அதைத் தராசாக்கிக்கொண்டார் ஆன்செல்மோ: தேறினால் படிப்பு, தவறினால் வெள்ளைச் சட்டை. சீட்டுக்காரியிடம் போவதும் இதுவும் ஒன்றுதான் என்று திட்டினேன். அவர் கேட்கவில்லை.

தேர்வு அறையில் மேசைக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவர் லவுத்தாரோ என்ற இளம் பேராசிரியர். இன்னொருவர் டாக்டர் பெர்லா.

பல்கலைக்கழகத்தில் அவர் பாடம் எடுக்கிறார் என்பதே ஆன்செல்மோவுக்குத் தெரியாது. எங்கள் ஊரில் தன்னிடம் பேச வருகிறவரிடம் டாக்டர் தன் வாழ்க்கையைப் பற்றி மூச்சுவிட மாட்டார். அங்கே அவருக்குச் சம்பளம்கூட இல்லை என்று பிறகு தெரிந்தது. பாதிப் பேர் அப்படித்தான், கௌரவத்துக்கு உழைக்கிறார்கள். கௌரவத்தை எந்தக் கடைக்காரனும் வாங்கிக்கொள்வதில்லை.

டாக்டர் பெர்லா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். "இவரை எனக்குத் தெரியும். நீங்க கேளுங்க. மார்க்கும் நீங்களே போடுங்க," என்று லவுத்தாரோவிடம் சொல்லிவிட்டு, நாற்காலியைச் சுவர் ஓரமாகத் தள்ளிப்போட்டு உட்கார்ந்துகொண்டார்.

லவுத்தாரோ கேட்டார்: "சிகிச்சைக்கு வர்றவர், வேற யார்மேலயோ வெச்சிருந்த பாசத்தையும் கோபத்தையும் தன்னை அறியாம டாக்டர்மேல ஏத்திடுறார். அது எப்படி நடக்குது? சொல்லுங்க."

ஆன்செல்மோ சொல்லத் தொடங்கினார். புத்தகத்தில் படித்தது கொஞ்சம், படிக்காதது நிறைய. வெயில் மேசைமேல் தண்ணீர்போல அசைந்தது. வெளியே ஜக்கரந்தா அசையாமல் நின்றது. தன் குரல் குமிழி குமிழியாகத் தன்னை விட்டு மேலே போவதாக அவருக்குத் தோன்றியது. சுவரோரம் இருந்தவர் வழக்கம்போல ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எந்த அறை, எந்தக் கிழமை என்பதெல்லாம் கரைந்துபோனது. இனம்புரியாத ஒரு நிம்மதி. பேச்சு புத்தகத்தை விட்டு எங்கோ போனது. "எங்கப்பா சாயங்காலம் கதவைத் திறந்துட்டு உள்ள வருவாரு, அப்ப நான்—"

அறையில் புழுக்கம் தாங்கவில்லை. டாக்டர் பெர்லா எழுந்துபோய் ஜன்னலைத் தள்ளினார்.

டக்.

ஆன்செல்மோ எழுந்தார். டாக்டர் பெர்லாவின் கன்னத்தில் ஒரு முத்தம். லவுத்தாரோவின் கன்னத்தில் ஒரு முத்தம். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வெளியே போய்விட்டார்.

படி இறங்கினார், தெரு கடந்தார், பஸ்ஸில் ஏறினார். ஓட்டுகிறவன் எங்கள் ஆள்தான். "என்ன டாக்டர், பாஸா ஃபெயிலா?" என்று கேட்டான்.

"எதுல?" என்றார் ஆன்செல்மோ.

அப்போதுதான் உறைத்தது. "நிறுத்துடா!" என்று அவர் கத்தியதை எங்கள் லைனில் இன்றைக்கும் நடித்துக்காட்டுகிறார்கள். பூ மிதித்து வழுக்கி, எழுந்து, அவர் திரும்ப ஓடினார்.

அறையில் லவுத்தாரோ தனியாக இருந்தார். "டாக்டர் காபி குடிக்கப் போயிருக்கார். வேணும்னே போனார்னு நினைக்கிறேன். உக்காருங்க. எத்தனையோ பேர் இங்க அழுதிருக்காங்க, ஒருத்தர் மயங்கியே விழுந்தார். பாதியில முத்தம் குடுத்துட்டுப் போனது நீங்கதான். ஏன் போனீங்க?"

"ஜன்னல் திறந்துச்சு." ஆன்செல்மோ ஆஸ்பத்திரி அறையைப் பற்றிச் சொன்னார்.

"அது பழக்கம். மணி அடிச்சா எழுந்து நிக்கிற மாதிரி. நான் கேட்டது பாசத்தைப் பத்தி. ரெண்டும் ஒண்ணா?"

ஆன்செல்மோ நெற்றி வியர்வையைத் துடைத்தார். இந்தமுறை எதுவும் மிதக்கவில்லை. "ஒண்ணு இல்ல. மணி அடிச்சா எழுந்திருப்பேன். மணிக்கு முத்தம் குடுக்க மாட்டேன்."

"எனக்கும் குடுத்தீங்களே?"

"உங்களுக்கு மரியாதைக்கு."

லவுத்தாரோ சிரித்துவிட்டார். ஆனால் விடவில்லை. இரண்டு பாடங்களைத் துருவித் துருவிக் கேட்டார். அவற்றை ஆன்செல்மோ படித்திருக்கவே இல்லை. கடைசியில் பத்துக்கு நாலு போட்டார். நாலுதான் தேர்ச்சிக்கான எல்லை.

"பாடத்துக்கு மூணு, முத்தத்துக்கு ஒண்ணு," என்றாள் நெலிதா அன்று மாலை. பிறகு அவர் தலைமுடியில் ஒட்டியிருந்த ஊதாப் பூவை எடுத்துப்போட்டாள். "தராசு இப்படி நடுவுல நிக்குதே. இப்ப என்ன பண்ணுவ, கிழவா?"

அதுதான் கேள்வி. பத்து வந்திருந்தால் தராசு முடிவு செய்திருக்கும், இரண்டு வந்திருந்தாலும் செய்திருக்கும். எல்லைக்கோட்டில் நின்ற நாலு, முடிவை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது. மூன்று நாள் அவர் வண்டி ஓட்டியதைப் பார்த்தேன். நிறுத்தத்தில் ஏறுகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார், அவர்களுடைய வாயை.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் முன்னால் நின்றார். நானும் கூட இருந்தேன்.

"வேண்டாம், குண்டா."

"நாலு மார்க்குக்காகவா இன்ஸ்பெக்டர் சட்டையை விடுற? நாலு மார்க் வாங்கின டாக்டர்கிட்ட எவன்டா வருவான்?"

"பதினோராம் நாள் வண்டியில ஏத்தி விடுறியே, அவன் வருவான்."

குண்டன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். மேசைமேல் இருந்த மாத்தேயை எடுத்து ஆன்செல்மோவிடம் நீட்டினார். அதற்குமேல் எங்கள் ஊரில் மன்னிப்பு கிடையாது.

அன்று மதியம் வழக்கமான ஆஸ்பத்திரி நேரம். டாக்டர் பெர்லா வழக்கத்துக்கு மாறாக முதலில் பேசினார். "ஆன்செல்மோ, இனி அந்தக் கட்டடத்துல நாம அடிக்கடி பார்ப்போம். நான் டீச்சராவும் இருந்து, இங்க இப்படி உக்காந்து கேக்கவும் முடியாது. வேற டாக்டர் ஒருத்தரை சொல்றேன்."

"தெரியும், டாக்டர். அங்க உங்களைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. அதனாலதான் அவ்வளவு நேரம் பேசினேனோ என்னவோ."

வருஷக்கணக்காக உட்கார்ந்த நாற்காலி அது. அந்தப் படிப்புக்கு அவர் கொடுத்த விலை வெள்ளைச் சட்டையல்ல, இந்த நாற்காலிதான். அப்பாவைப் பற்றி அன்று பாதியில் நின்றுபோன வாக்கியத்தை எடுத்து முடித்தார். அது என்ன என்று என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

டாக்டர் எழுந்து ஜன்னலைத் தள்ளினார். மழையில் உப்பிய சட்டம் அன்று அசையவில்லை. ஆன்செல்மோ எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்று அவரும் கை கொடுத்தார். இருவரும் சேர்ந்து தள்ளியபோது ஜன்னல் திறந்தது. தெருவின் இரைச்சலும் பஸ்களின் ஹாரனும், காற்றோடு கொஞ்சம் ஊதாப் பூக்களும் உள்ளே வந்தன.

இந்த முறை அவர் உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, கீழே போகிறவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.