கரையான் அரித்ததாகச் சொன்ன புத்தகம்

புதுப் புத்தகம் கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் முகர்ந்து பார்ப்பார்கள். எங்கள் மேடம் அதைச் செய்து நான் பார்த்ததில்லை. தாம்பரத்துப் பக்கம் இயங்கிய ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகத்துக்கு அவர் இயக்குநர். நான் மெய்ப்புத் திருத்துகிறவள். அச்சகத்திலிருந்து அந்தப் புத்தகத்தின் முதல் பிரதி வந்த அன்று, அவர் நேராகப் படங்கள் இருக்கும் பக்கங்களுக்குப் போய், ஒவ்வொரு படத்தின் கீழும் போட்டிருந்த பெயரை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். எங்கள் வட்டாரத்துக் கூத்தைப் பற்றிய ஆய்வு நூல் அது. கூடுவாஞ்சேரிக்கு அப்பாலும் இப்பாலும் மனைப்பிரிவுகளுக்கு நடுவே மறைந்து கிடக்கும் ஊர்களில், ஆடுகிறவர்களை வீடு வீடாகத் தேடிப் போய் அவரே தொகுத்தது. ஒரு படத்தில், பாதி முகத்துக்கு மட்டும் அரிதாரம் பூசிய ஒருவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். முழுப் பக்கப் படம். அங்கே மேடம் கொஞ்ச நேரம் நின்றார். "பேரு சரியா வந்திருக்கு. அது போதும்மா," என்றார்.

படத்தில் இருந்தவர் பெண் வேடம் கட்டுகிறவர். ஆட்டம் இல்லாத மாதங்களில் ஊரப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் வேலை. யூனிவர்சிட்டிக்காரர்கள் தன்னைப் புத்தகத்தில் போடுகிறார்கள் என்று அங்கே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். நம்பினால்தானே? காரை உள்ளே விடும்போதெல்லாம் யாராவது ஒருவர் கண்ணாடியை இறக்கி, "என்னண்ணா, புக் ரிலீஸ் எப்போ?" என்று கேட்பது அந்தக் குடியிருப்பில் ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். மேடத்துக்குத்தான் போன் போடுவார். "புக்கு வந்தா நானே கொண்டாந்து உங்க கையில குடுப்பேண்ணா," என்று மேடம் வாக்குக் கொடுத்திருந்தார். வாக்கு என்றால் அவருக்கு வாக்குதான். பெயரளவுக்கு எதையும் சொல்லத் தெரியாத ஜென்மம்.

புத்தகம் வந்துவிட்டது, ஆனால் வெளியே போக முடியவில்லை. எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. துணைவேந்தர் மேடையேறி, ரிப்பனைப் பிரித்து, முதல் பிரதியை யாரிடமாவது கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும்வரை எந்தப் புத்தகமும் வெளியானதாகக் கணக்கில்லை. விற்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. நாங்கள் பார்த்த பிரதியைக்கூட மேடம் கிடங்குக்கே அனுப்பிவிட்டார். அந்த நேரம் பார்த்துத் துணைவேந்தர் பதவி காலியானது. இன்று வருவார், நாளை வருவார் என்று பார்த்துக்கொண்டே வருடங்கள் ஓடின. இரும்புலியூரில் வாடகைக்கு எடுத்திருந்த கிடங்கில் அந்தப் புத்தகக் கட்டுகள் சணல் கயிறுகூட அவிழாமல் அடுக்கி வைத்தபடி கிடந்தன. ஒரு பிரதியைப் பையில் போட்டுக்கொண்டு போய் அந்த மனிதரிடம் கொடுத்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்று நான் பலமுறை சொல்லிப் பார்த்தேன். "நானே எடுத்தா அப்புறம் நான் யாரைக் கேக்கிறது?" என்பார். நேர்மையாக இருப்பதில் அப்படி என்ன சுகமோ என்று எனக்கு எரிச்சலாக வரும்.

பிறகு பதிப்பகத்தை மூடப்போவதாகப் பேச்சு அடிபட்டது. மேடத்தின் ஓய்வும் நெருங்கியது. கிடங்கைக் காலிசெய்வது பற்றிக் கூட்டம் கூட்டினார்கள். வெளியிடாத புத்தகங்களைக் கட்டோடு ஒரு அறையில் பூட்டி முத்திரை வைப்பது என்ற முடிவுக்கு எல்லோரும் வந்துகொண்டிருந்தபோது, மேடம் எழுந்து, "அதெல்லாம் கரையான் அரிச்சுப்போச்சு சார்," என்றார். பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிடங்கில் ஒரு கரையான் கிடையாது. வேப்பெண்ணெய் தெளிப்பதை அவர் ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை. வெளியே வந்ததும் என்னை ஓரமாக அழைத்துப் போனார். "சேதமான புக்கை ஸ்டாஃப் எடுத்துக்கலாம்னு பழைய வழக்கம் இருக்கும்மா. எடுத்து, படத்துல இருக்கிற ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் கொண்டுபோயிடலாம்," என்றார். அதுவரை வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கவேண்டும். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் சொல்லவே கூடாது.

கூட்டத்துக்குத் தலைமை வகித்த பதிவாளர் ஊருக்குப் புதியவர். பழைய வழக்கம் எதுவும் அவருக்குத் தெரியாது. கரையான் என்று காதில் விழுந்ததும் அவர் பயந்தது மற்றக் கட்டடங்களுக்காக. ஒரு பிரதிகூட எங்கும் போகக்கூடாது, எல்லாவற்றையும் வெட்டிக் காகிதக் கூழாலைக்கு அனுப்ப வேண்டும், அதை இயக்குநரே நின்று பார்த்துச் சான்று தரவேண்டும் என்று உத்தரவு வந்தது. மேடம் பதிவாளர் அறைக்கு ஓடினார். நானும் பின்னாலேயே போனேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். புத்தகங்கள் முழுசாக இருக்கின்றன, யாரை வேண்டுமானாலும் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள் என்று கும்பிட்டார். தன்னைவிட வயதில் சிறிய அந்த மனிதர் முன்னால் அவர் கும்பிட்டுக்கொண்டு நின்றதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

"அப்போ மீட்டிங்ல பொய் சொன்னீங்களா மேடம்?" என்று பதிவாளர் கேட்டார்.

"ஆமா சார்."

"மினிட்ஸ்ல ஏறிடுச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. இதை நான் எழுதினா உங்க பென்ஷன் நிக்கும். நான் கேக்கலைன்னு வெச்சுக்கிறேன், நீங்க போங்க."

பெரிய மனசு பண்ணித்தான் அப்படிச் சொன்னார், அதையும் மறைப்பதற்கில்லை.

வெட்டுகிற அன்று கிடங்கு வாசலில் ஒரு லாரி நின்றது. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் மின்சாரக் கத்தியை உள்ளே கொண்டுவந்து பொருத்தினார்கள். பல்கலைக்கழகக் காவல் அதிகாரி எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்; அதுவும் உத்தரவு. கட்டைப் பிரித்த பெண் ஒருத்தி, "இன்னாமா இது, எல்லாம் புச்சா கீது," என்று மேடத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு புத்தகமும் நடுவில் இரண்டாகி விழுந்தது. பாதியில் எப்போதோ அவர் ஒரு பிரதியைத் தன் கைப்பையில் வைத்து மூடியதை நான் பார்த்தேன். மனசுக்குள் கைதட்டினேன். ஆனால் காவல் அதிகாரியும் பார்த்துவிட்டார். பல வருடங்களாக மேடத்துக்கு வணக்கம் வைத்துப் பழகியவர். பக்கத்தில் வந்து, தலையைக் குனிந்துகொண்டு, "கேமரா ஓடுது மேடம். என் வேலை போயிடும்," என்றார். மேடம் பையைத் திறந்து பிடித்தார். அதிகாரியே அதை எடுத்துக்கொண்டுபோய்க் கத்தியின் பக்கத்தில் வைத்தார். கணினிக் கோப்பாவது கிடைக்குமா என்று பிறகு அச்சகத்தில் கேட்டோம். வேலை முடிந்ததும் அழித்துவிடுவது வழக்கம் என்றார்கள். படங்கள் இருந்த எங்கள் அலுவலகக் கணினியை அதற்குள் யாரோ துடைத்து வேறு துறைக்குக் கொடுத்திருந்தார்கள்.

அடுத்த நாளே ஊரப்பாக்கம் போனோம். "போன்ல சொல்லக்கூடாதும்மா," என்றார் மேடம். வழியெல்லாம் உண்மையைத்தான் சொல்லப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்தார். அந்த மனிதர் எங்களைக் கண்டதும் ஓடிவந்து, மேடத்தின் வெறுங்கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல புத்தகத்தை நாங்களே நின்று வெட்டினோம் என்று ஒரு மனிதனிடம் எந்த வாயால் சொல்வது? "புக்கு வந்துச்சுண்ணா. உங்க படம் முழுப் பக்கம். ஆனா... கரையான் அரிச்சிடுச்சு," என்றார் மேடம். சொல்லிவிட்டு அழுதார். அவர் பதறிப்போய்த் தன் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு மேடத்தை உட்காரவைத்தார். "அட, இதுக்குப் போயி இன்னா மேடம். கரையானுக்கு இன்னா தெரியும், உள்ள கீறது யாருன்னு," என்றார்.

மேடம் ஓய்வுபெற்றுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். போன் செய்தால் எடுப்பதில்லை. நான் இப்போது போட்டித்தேர்வுக் கையேடுகளுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். அந்த வேலையாகச் சமீபத்தில் ஊரப்பாக்கம் போனபோது, கால் தானாக அந்தக் குடியிருப்பின் பக்கம் திரும்பியது. வாசலில் இருந்த அந்த மனிதர் என்னை அடையாளம் கண்டு சிரித்தார். அப்போது ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. "என்னண்ணா, உங்க புக்கு இன்னும் வரலையா?"

"வந்துச்சு சார். கரையான் துன்னுடுச்சு. மேடமே நேர்ல வந்து சொன்னாங்கோ."

காருக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் காரின் பக்கத்தில் போய்க் குனிந்து, "ஆமா சார், நான் அந்த ஆபீஸ்லதான் இருந்தேன். இவரு படம் முழுப் பக்கம் வந்துச்சு. கரையான் அரிச்சதை என் கண்ணால பார்த்தேன்," என்றேன்.