கேட்காமல் போட்ட தரை

எங்காவது கல் அறுக்கும் மெஷின் கத்தினால் போதும், என் பல்லிடுக்கில் பாறைப்பொடி நறநறக்கிறது. இன்று காலையும் கத்தியது. எங்கள் தெருக்கோடியில் யாரோ முற்றத்துக்கு இன்டர்லாக் கல் பதிக்கிறார்கள். ஜன்னலைச் சாத்தினேன். சாத்திய பிறகும் கேட்டது. அப்பா கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு நிறையும் இந்த நாளில் உங்கள் கைக்கு வரும் இந்த நினைவு மலரில், அப்பாவைப் பற்றி எழுதும் பொறுப்பை அண்ணன் என்னிடம் விட்டார். "நீதான எழுதுகவ. உள்ளத எழுது," என்றார். உள்ளதை எழுதுவதென்றால் அந்தச் சத்தத்தை விட்டுவிட்டு எழுத முடியாது.

அப்பா பிறந்தது பாறசாலைக்குத் தெற்கே, வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு மாநிலமும் அந்தப் பக்கம் இன்னொன்றுமாகக் கிடக்கும் ஓர் ஊரில். குடும்பம் பிறர் நிலத்தில் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு பயிரிட்டது. நட்டது அவர்கள், மண் வேறு யாருடையதோ. எட்டாம் வகுப்போடு பள்ளி நின்றது. மீசை அரும்பும் வயதில் ஆரியசாலைக் கடைத்தெருவுக்கு வந்து, மொத்த வியாபாரம் செய்யும் ஒரு வத்தல் மிளகாய்க் கடையில் மூட்டை தைக்கவும் எடை பிடிக்கவும் நின்றார். அந்தக் கடையிலேயே தலை நரைத்தார். எங்கள் சிறுவயதில் அப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டால் வீடே தும்மும்.

அம்மா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பகல் டியூட்டி, இரவு டியூட்டி என்று மாறி மாறி வரும். ஆகவே எங்கள் வீட்டில் அடுப்பு அப்பாவினுடையது. பெண் எடுத்த வீட்டிலும் கொடுத்த வீட்டிலும் இதற்குச் சிரித்தவர்கள் உண்டு. "ஒங்க அக்காமாரு வந்து பாத்தா என்னையத்தான் ஏசுவாவ," என்பார் அம்மா. "ஏசட்டு. சோறத் தின்னுட்டு ஏசட்டு," என்று அப்பா முருங்கையிலையை உருவிக்கொண்டிருப்பார். அத்தைமார் வந்தார்கள், ஏசினார்கள், இரண்டாம் முறையும் சோறு வாங்கினார்கள்.

நேமத்துக்கு அப்பால் சிறு வீடும் அதைச் சுற்றிக் கொஞ்சம் இடமும் வாங்கியபோதுதான் அப்பாவுக்கு முதன்முதலாகச் சொந்தத்தில் மண் வந்தது. அவர் சமைத்த விதத்தை நான் இங்கே சொல்லியாக வேண்டும். மற்றது எல்லாம் அதில்தான் இருக்கிறது. காலையில் அரிசியைக் கழுவி உலையில் இடுவார். என்ன கறி என்பது அப்போது அவருக்கே தெரியாது. அரிசி கழுவிய தண்ணீரை ஒரு கையிலும் சுளவு என்கிற முறத்தை மறுகையிலும் எடுத்துக்கொண்டு சமையலறைக் கதவு வழியாக முற்றத்தில் இறங்குவார். தண்ணீர் வாழைக்கோ கறிவேப்பிலைக்கோ போகும். பிறகு ஒரு சுற்று. இலையைப் புரட்டிப் பார்ப்பது, வெண்டைக்காயின் நுனியை ஒடித்து முற்றலா பிஞ்சா என்று தெரிந்துகொள்வது, தரையில் விழுந்த மாங்காயை மணந்து பார்ப்பது. உலை பொங்கி மூடி தடதடக்கும்போது சுளவோடு ஏறி வருவார். அன்றைய கறி அதில் இருக்கும். இரண்டு கோவக்காயும் ஒரு பிடி சீரைக் கீரையும் என்றால் அதுதான். சேம்பந்தண்டும் காந்தாரி மிளகாயும் என்றால் அதுதான். "இன்னைக்கு என்ன கறி?" என்று படுக்கையிலிருந்து நாங்கள் கத்தினால், "போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுகேன்" என்று பதில் வரும்.

எனக்கு மணமாகி விழிஞ்ஞம் பக்கம் போனேன். அண்ணன் மாடியில் குடியிருந்தார். அப்பா கடை வேலையை விட்டு நின்ற பிறகு அந்தச் சுற்று நீண்டது, உலை பொங்கி அடுப்பு அணைவதும் சில நாள் நடந்தது, அம்மா சத்தம் போடுவதும் நடந்தது. அவ்வளவு நல்ல நாட்கள் அவை.

பிறகு ஒரு மழைக்காலத்தில் முற்றத்து வாழை மரத்தடியில் அப்பா வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு. ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியவில்லை. சேற்றில் ஸ்ட்ரெச்சரை நான்கு பேர் தூக்கித் தள்ளாடியபோது அப்பா வலியை அடக்கிக்கொண்டு, "சேம்ப மிதிக்காதீங்க, சேம்ப மிதிக்காதீங்க," என்றார். நாங்கள் அதை அரை மயக்கத்தில் பேசுவதாக எடுத்துக்கொண்டோம்.

அறுவை சிகிச்சை, பிறகு நடைப் பயிற்சி என்று அப்பா பல வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்த நாட்களில்தான் நாங்கள் முற்றத்தை நிரவி இன்டர்லாக் போட்டோம். யோசனை அண்ணனுடையது. இனிச் சக்கர நாற்காலி ஓட வேண்டும், வண்டி வாசல்வரை வர வேண்டும், மறுபடி அப்பா விழக் கூடாது. அம்மா சம்மதித்தார். நான் சம்மதித்தது மட்டுமல்ல, கல்லைத் தேர்ந்தெடுத்தவள் நான். அண்ணன் போனில் படங்கள் அனுப்பினார். அதில் இலை வடிவத்தில் ஒரு கல் இருந்தது. அப்பாவுக்கு இலை பிடிக்கும் என்று நான் அதைச் சொன்னேன். இதை எழுதும்போது என் முகம் எரிகிறது. எரியட்டும்.

மண் அள்ளும் வண்டி வந்த அன்று பக்கத்து வீட்டுச் சேச்சி மதில்மேல் எட்டிப் பார்த்தார்.

"ஐயோ மோளே, கறிவேப்பிலயுமா?"

"வேர் கல்லத் தூக்கிருமாம் சேச்சி."

"அப்பாகிட்ட சோதிச்சோ? அவரு அறிஞ்சோ?" அப்பாவிடம் கேட்டீர்களா என்கிறார்.

"இல்ல சேச்சி, சர்ப்ரைஸ்."

 சேச்சி சேலையைச் சொருகிக்கொண்டு சுற்றி வந்து, வண்டிக்கு முன்னால் குனிந்து குனிந்து, காந்தாரி நாற்றையும் சேம்பங்கிழங்கையும் பிடுங்கி ஒரு வாளியில் போட்டுக்கொண்டு போனார். டிரைவர் ஹாரன் அடித்தான். "அடிக்காதே, கழிஞ்ஞு," முடிந்தது என்று அவனை ஒரு பார்வை பார்த்தார்.

அப்பா வீடு வந்த நாள் வெயில். கார் வாசல்வரை வந்தது. நாங்கள் எல்லோரும் நின்று அவர் முகத்தையே பார்த்தோம், பரிசைப் பிரிக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதுபோல. அப்பா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். கல்லிலிருந்து அனல் வந்துகொண்டிருந்தது.

"நல்லா வீட்டுக்குள்ள மாதியே இருக்கு," என்றார்.

"பிடிச்சிருக்கா?" என்றார் அண்ணன்.

"சாரமில்ல, மக்கா." பரவாயில்லை என்பதற்கு இங்கே எல்லோரும் சொல்லும் சொல். 

சமையலறையை நாங்கள் அப்பாவிடமிருந்து பறிக்கவில்லை. அதுதான் எங்கள் பெருமையாக இருந்தது. கதவுக்குச் சரிவு கட்டி, மேடையைத் தாழ்த்தி, அப்பா நாற்காலியில் இருந்தபடியே சமைக்கலாம் என்று எல்லாம் செய்து வைத்தோம். முதல் நாள் காலை அப்பா உள்ளே போனார். அரிசியைக் கழுவினார். அந்தத் தண்ணீரோடு சரிவில் இறங்கினார். அங்கேயே இருந்தார். திரும்பி வந்து தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினார். அம்மா பிரிட்ஜைத் திறந்து, "எல்லாம் இருக்கு, என்ன வேணும்னு பாருங்க," என்றார். பையில் கட்டிய காய்களை அப்பா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார், மறுபடி உள்ளே வைத்தார். "என்ன வைக்கன்னு தெரியலியே," என்றார். வாழ்நாள் முழுக்க சமைத்தவர் அதைச் சொன்னார். மறுநாள் முதல் அவர் சமையலறைக்குப் போகவில்லை. அம்மாவும் அண்ணியும் வைத்ததைச் சாப்பிட்டார். உப்புக் கூடியது, குறைந்தது என்றுகூடச் சொல்லவில்லை.

உறவினர்களாகிய உங்களில் பலர் அந்த மாதங்களில் அப்பாவைப் பார்க்க வந்தீர்கள். முற்றத்துச் செடியெல்லாம் எங்கே என்று கேட்டீர்கள். எல்லோருக்கும் அப்பா ஒரே பதிலைத்தான் சொன்னார். ஆரியசாலைக் கடையில் அவரோடு நின்ற நண்பர் வந்தபோது நான் கதவுக்குப் பின்னால் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"என்ன வேய், பிளேன் எறக்கப் போறீரா? ஒரு புல்லக் காணோம்."

"நாந்தாம் போடச் சொன்னேன்."

"நீரா? கடைக்கு வத்தல் வாங்க வந்தவன்கிட்டல்லாம் கத்தரிச்செடிக்குப் புழு வந்த கத சொன்ன ஆளுல்லா நீரு."

"அதெல்லாம் போரும் வேய். வயசாச்சு. பிள்ளைக வேண்டாம் வேண்டாம்னு சொல்லிச்சுவ. நாந்தாம் பிடிவாதமாப் போடச் சொன்னேன்."

டீ ஆறிப்போனது. மாடிப்படியில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அவரும் கேட்டார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கையில் டம்ளரோடு உள்ளே போய் அது பொய் என்று சொல்லியிருக்கலாம். நான் டீயை வைத்துவிட்டு, பிஸ்கட் எடுத்து வர மறுபடி உள்ளே வந்தேன்.

அடக்க ஆராதனையில் போதகர், அப்பா தமக்குப் பிரியமான தோட்டத்தையே கடைசிக் காலத்தில் தாமாகத் துறந்தார் என்று உருகிப் பேசினார். பலர் கண்ணைத் துடைத்தீர்கள். அவரைக் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. அவருக்கு அப்பா சொன்னதுதான் தெரியும். ஆனால் அப்பா எதையும் துறக்கவில்லை. எங்களிடமிருந்து வந்த ஒன்றைத் தம்முடையது என்று சொல்லி வாங்கிக்கொண்டார். அவர் மகன்மேலும் மகள்மேலும் உங்கள் பேச்சு வந்துவிடக் கூடாது என்று, தமக்கு மண் சலித்துவிட்டதாக உங்களை நம்பவைத்தார். அந்தப் பெயரோடு அவரை விட்டுவைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. இந்தக் கட்டுரை அதற்காகத்தான். அண்ணன் இதைப் படித்தார். ஓரிடத்தில் நிறுத்தி, நெற்றியைத் தடவி, "ஒண்ணும் வெட்டாண்டாம்," என்று திருப்பித் தந்தார்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது எங்களோடு முறை வைத்துக் காத்திருந்த சித்தப்பா பிள்ளைகளுக்கும், பகலும் இரவும் பார்த்த மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், அம்மாவோடு முன்பு வேலை செய்து, வீட்டுக்கே வந்து ஊசி போட்ட அக்காவுக்கும், சபையாருக்கும், கஞ்சியும் பயறும் தூக்கில் கொண்டு வந்த தெருவாருக்கும் எங்கள் நன்றி. பக்கத்து வீட்டுச் சேச்சிக்கு நன்றி என்ற சொல் போதாது. அன்று வாளியில் கொண்டுபோனதை அவர் தம் வீட்டு மதிலோரம் நட்டு, தண்ணீர் விட்டுப் பிழைக்க வைத்திருந்தார். அடக்கம் முடிந்த வாரம் அதே வாளியில் திருப்பிக் கொண்டு வந்தார். "இது இவிடத்தே சாதனம்," என்றார். எங்கள் வீட்டுப் பொருளாம். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அதை நடுவதற்கு இடம் இருந்தது. அந்த இடத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன்.

அந்த நண்பர் வந்துபோன பிறகு வந்த ஒரு சனிக்கிழமை. நான் வழக்கம்போல் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். அண்ணன் எங்கிருந்தோ ஒரு கடப்பாரையை வாங்கி வந்து, சமையலறைக் கதவருகே கல்லைப் பெயர்க்கத் தொடங்கினார். ஆபீஸ் கை, கடப்பாரை வழுக்கியது. ஒன்றோடொன்று பூட்டிய கல் அசையவில்லை. அப்பா சரிவுவரை நாற்காலியை உருட்டி வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு பொறுக்கவில்லை.

"லேய், நடுவுல குத்துனா வருமா? ஓரத்துல விடு, ஓரத்துல."

"விட்டேம்ப்பா."

"விட்ட லெச்சணம். செவுத்துப் பக்கம் வா. ஆங். இப்ப நெம்பு."

ஒரு கல் வந்தது. பிறகு சுலபமாக வந்தன. அடியில் பாறைப்பொடி வெள்ளையாகக் கிடந்தது. "அதப் பூரா அள்ளு. செடி என்ன சிமெண்டா திங்கும்? பாதி அள்ளிட்டு நிக்கான் பாரு," என்று அப்பா வீடு வந்தபின் முதல்முறையாகக் குரல் உயர்த்தி ஏசினார். அண்ணன் வியர்வையோடு குனிந்திருந்தார். அவர் அழுகிறார் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு மண் தெரிந்தது, செம்மண், இறுகிப் போய். அம்மா ஒரு செம்பு தண்ணீர் கொண்டு வந்து அப்பா கையில் கொடுத்தார். அப்பா நாற்காலியிலிருந்தே அதைச் சாய்த்து ஊற்றினார். மண் அதை உடனே குடிக்கவில்லை. மெல்லத்தான் இறங்கியது.

எனக்குப் பஸ்சுக்கு நேரமாகிவிட்டது. கிழக்கேகோட்டை போய் விழிஞ்ஞத்துக்கு மாற வேண்டும். பையை மாட்டிக்கொண்டு அப்பா பக்கத்தில் குனிந்தேன்.

"அப்பா, எங்களுக்குத் தெரியாமப் போச்சுப்பா."

அப்பா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, ஆனால் விடவும் இல்லை.

"தெரியாம ஒண்ணும் இல்ல மக்ளே. கேக்காம."

 அண்ணன் நிமிர்ந்து நின்றார். செம்பில் மீதித் தண்ணீரை அப்பா ஊற்றி முடித்தார்.

"போ, பஸ்ஸு போயிரும்," என்றார்.

வாசல் கேட்வரை போனவள் திரும்பினேன். "வாரப்பம் சீர வெத வாங்கிட்டு வாரேன். செவப்பா, பச்சையாப்பா?"

அப்பா யோசித்தார். அவரை அப்படி யோசித்துப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

"செவப்பு. பச்ச ஒங்க அம்மைக்குப் பிடிக்காது."

வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. கையைக் காட்டிவிட்டு ஓடினேன். அன்றிரவே நெஞ்சுவலி வந்து அப்பா போய்விடுவார் என்று அந்த ஓட்டத்தில் எனக்கு எப்படித் தெரியும். படியில் கால் வைக்கும்போது பின்னாலிருந்து அவர் கூப்பிட்டுக் கேட்டது காதில் விழுந்தது. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று பதில் சொல்லாமல் ஏறிவிட்டேன்.

"ஒனக்கு எது வேணும் மக்ளே?"