ஜீப்பில் போய்ப் பூட்டிய கடை

சாப்பாட்டுக் கடைகளைச் சோதிப்பது என் வேலை என்பதால், மாங்குளம் பக்கத்தில் எந்தக் கடையிலும் என்னால் நிம்மதியாக ஒரு தேத்தண்ணி குடிக்க முடியாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களான எங்களை ஊரார் பி.எச்.ஐ. என்பார்கள். அரசாங்க உத்தியோகம் பார்க்கிற உங்களுக்கும், சட்டத்தைச் சொல்லிவிட்டு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்ற நாட்கள் இருக்கும்.

குழாய்

ஏ9 வீதியோரம் பத்மாக்காவின் சின்னச் சாப்பாட்டுக் கடை. புருஷன் இல்லை, அந்த அடுப்பை நம்பித்தான் இரண்டு பெண்பிள்ளைகளைப் படிப்பித்தார். கை கழுவக் குழாய்த் தண்ணீர் கட்டாயம் என்பது விதி. அவர் வைத்திருந்தது வாளியும் கோப்பையும். எங்கள் அலுவலகமான கந்தோரின் குழாயிலேயே காற்றுத்தான் வரும், ஆனாலும் முகத்தை இறுக்கிக்கொண்டு விதியை விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "குழாய் போட நான் ரெடி சேர். தண்ணி எப்ப வரும் எண்டு நீங்கள் சொல்லுங்கோ."

லஞ்ச் சீற்

சோற்றுப் பார்சல் சுற்றுகிற மெல்லிய பொலித்தீன் தாளான லஞ்ச் சீற்றை அரசாங்கம் தடை செய்திருக்கிறது. அக்காவின் கடையில் ஒரு கட்டு லஞ்ச் சீற்றை நானே பறிமுதல் செய்தேன். கொஞ்ச நாளில் கந்தோரில் உணவுப் பாதுகாப்புக் கருத்தரங்கு. மத்தியானச் சாப்பாடு அக்காவிடமிருந்து. மேலதிகாரி தடையைப் பற்றிப் பேசி முடித்த கையோடு பார்சலைப் பிரித்தால், உள்ளே பளபளவென்று லஞ்ச் சீற். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பார்சல் கொண்டுவந்து வெளியே நின்ற அக்காவிடம் போய்ப் பாய்ந்தேன். "வாழையிலையில கட்டுறன் எண்டுதான் சொன்னனான் சேர். அது ஒழுகும், லஞ்ச் சீற்றிலயே கட்டுங்கோ எண்டது உங்கட கந்தோர்தானே."

பள்ளிக்கூடச் சாப்பாடு

பிறகு பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குச் சமைத்துக் கொடுக்கும் வேலை அக்காவுக்குக் கிடைத்தது. ஒருநாள் சில பிள்ளைகளுக்கு வாந்தி. மேலிடத்து உத்தரவு, ஜீப்பில் பொலிசோடு போய், சந்தியே வேடிக்கை பார்க்கக் கடையைப் பூட்டினோம். சோறு கறியும் பள்ளிக்கூடத் தாங்கித் தண்ணீரும் பரிசோதனைக்குப் போயின. இங்கே ஆய்வுகூடம் கிடையாது. முடிவு வர மாதக்கணக்காயிற்று. அதற்குள் அக்கா வயல் கூலிக்குப் போனார். மூத்த மகள் படிப்பை விட்டு ஆடைத் தொழிற்சாலைக்குப் போனாள்.

அக்காவின் சாப்பாட்டில் ஒரு பிழையும் இல்லை. கிருமி இருந்தது பள்ளிக்கூடத்துக்கு அரசாங்கம் கட்டிக் கொடுத்த தண்ணீர்த் தாங்கியில். அதைச் சொல்ல அவர் வீட்டு வாசலில் நின்றபோது, வெட்கத்தில் ஹெல்மெட்டைக்கூட நான் கழற்றவில்லை. கடையைத் திறக்கலாம் என்றேன்.

"இனி ஆர் தம்பி வந்து சாப்பிடப் போகினம்? பூட்டேக்க சனம் பாக்க ஜீப்பில வந்தனீங்கள். பிழை இல்லை எண்டு சொல்ல மட்டும் ஏன் தனிய மோட்டசைக்கிளில வாறியள்?"

எங்கள் திணைக்களத்தில் கடை பூட்டப் போவதற்கு ஜீப்பும் டீசலும் உண்டு, மன்னிப்புக் கேட்கப் போவதற்கு மட்டும் இன்னும் வாகனம் ஒதுக்கப்படவில்லை.