அழுத்தம் 110/70

அந்தப் பிள்ளை எறிந்த பந்து என் இடது தோளில் பட்டபோது எனக்கு வலிக்கவில்லை. பயம் வந்ததே அதனால்தான். வலித்திருந்தால் கத்தியிருக்கலாம். தோளிலிருந்து விரல் நுனி வரை மரத்துப்போய், வேறு யாருடையதோ கையை நான் சும்மா தூக்கிக்கொண்டு நிற்பதுபோல இருந்தது.

நான் புவியியல் படிப்பிக்கிறவன். எங்கள் பாடசாலையில் பேஸ்போலுக்குப் பொறுப்பாசிரியர் ஆனதற்கு ஒரே காரணம், யாரிடமாவது விசில் இருக்கிறதா என்று அதிபர் கூட்டத்தில் கேட்டபோது பகிடிக்குக் கையை உயர்த்தியதுதான். பேஸ்போல் என்பது எங்கள் நாட்டு எல்லே விளையாட்டின் பணக்காரச் சொந்தக்காரன் என்ற அளவுக்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. இரண்டிலும் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடிவர வேண்டும். எல்லேயில் ஓடுகிற ஆளுக்கே பந்தால் எறிந்து ஆட்டமிழக்கச் செய்யலாம். பேஸ்போலில் ஆளுக்கு எறியக் கூடாது. எல்லே விளையாடி வளர்ந்த அந்தப் பிள்ளைக்கு இதைச் சொல்ல நான் மறந்துபோனேன்.

அவள் கொழும்புத்துறையிலிருந்து சைக்கிளில் வருகிறவள். மாகாண அணிக்குப் பிள்ளைகளைத் தெரிவுசெய்ய ஒரு மதிப்பீட்டுப் படிவம் வந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்கு முன் நிரப்பி அனுப்ப வேண்டும். அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும். இம்முறை விட்டால் விட்டதுதான். எறிவதைப் பார்த்து எழுதுவோம் என்று மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். ஓடுவதற்கு வேறு ஆள் இல்லாததால் ஆபிஸ் சப்பாத்தோடு நானே ஓடினேன். ஓடுகிறவர் தொடவேண்டிய தளங்களில் மூன்றாவதுக்குப் பாதி வழியில், மைதானத்தின் அந்தத் தொங்கல் எல்லையிலிருந்து பந்து வந்தது.

“சேர் அவுட்,” என்றாள். பஸ் போய்விட்டது என்று சொல்கிற குரல்.

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். இடது கை மரத்தால் மாரடைப்பு என்று வாட்ஸ்அப்பில் எனக்குக் கிழமைக்கு ஒருமுறை வரும். நானே பலருக்கு அனுப்பியிருக்கிறேன். கை மரத்தது பந்து பட்டதால் என்ற சின்ன உண்மை என் மூளைக்கு எட்டவேயில்லை. கண்ணீர் அஞ்சலிக்கு எந்தப் படத்தைப் போடுவார்கள், அடையாள அட்டைப் படத்தைப் போட்டு மதில் மதிலாக ஒட்டித் துலைப்பார்களோ என்ற யோசனைதான் ஓடியது.

அன்று மாலை படிவத்தை விரித்தேன். எறிதல், பிடித்தல், ஓட்டம், அடித்தல் என்று பெட்டிகள். கடைசிப் பெட்டியில் ‘அழுத்தம்’ என்று இருந்தது. விளையாடுகிற பிள்ளைக்குப் பிறசர் எவ்வளவு என்று கேட்கிறார்கள், நியாயந்தானே என்று நினைத்தேன். என் நெஞ்சைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இனிப் படிவத்தைச் சாட்டிப் போகலாம்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையோடு தாயும் வந்தா. வாங்கில் இருந்ததும் மெதுவாகக் கேட்டா:

“சேர், இவளுக்கு என்ன வருத்தம்? மறைக்காமல் சொல்லுங்கோ.”

“ஒண்டுமில்லையம்மா. படிவத்தில கேட்டிருக்கு.”

“பந்து எறியிறதுக்கு என்னத்துக்குப் பிறசர்?”

“எறியிறவைக்கில்லை அம்மா, வாங்கிறவைக்குத்தான் பார்க்கவேணும்,” என்றாள் பிள்ளை.

அவளுக்கு 110/70. எழுதிக்கொண்டேன். வந்ததோடு வந்தது எனக்கும் ஒருக்கால் பாருங்கோ என்று, அப்போதுதான் நினைவு வந்தவன்போலக் கையை நீட்டினேன். தாதி கருவியை இரண்டு தரம் பார்த்தா.

“பிள்ளை போகலாம். சேர், நீங்கள் கொஞ்சம் இருங்கோ.”

டொக்டர் என்னவெல்லாமோ பார்த்துவிட்டு, நெஞ்சில் ஒன்றுமில்லை, இது பந்தடி, பிறசர் ஏறியது பயத்தில் என்றார். நிம்மதி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கையோடு சேர்ந்து அதுவும் மரத்துப்போயிருக்க வேண்டும். வெளியே வந்து பிளேன்ரீ குடித்தேன். அதில் சீனி இருந்ததா என்றும் தெரியவில்லை.

படிவம் வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் அதன் பிரதியைப் பௌதிகவியல் ரீச்சர் எடுத்துப் பார்த்தா.

“உதென்ன சேர், அழுத்தம் எண்டதுக்கு நூற்றிப்பத்தின் கீழ் எழுபது?”

“பிறசர்.”

“பிறசருக்கு எங்கடை புத்தகத்தில அமுக்கம். அழுத்தம் எண்டால் பொட்டென்ஷல், மின்சாரப் பாடத்தில வாறது. மொழிபெயர்த்தவர் பௌதிகம் படிச்சவர் போல. பிள்ளை இனி எவ்வளவு தூரம் வரும் எண்டெல்லோ கேட்டிருக்கினம்.”

“அப்ப நான் என்ன எழுதியிருக்கிறன்?”

“பிள்ளை உயிரோட இருக்கெண்டு எழுதியிருக்கிறியள்.”

படிவத்திலிருந்த இலக்கத்துக்குப் போன் எடுத்தேன். வலது கையால் அழுத்தியும் இரண்டு தரம் பிழையான ஆட்களோடு கதைத்தேன். மூன்றாம் தரம் உரிய உத்தியோகத்தர் எடுத்தார்.

“நானும் உங்களுக்கு எடுக்கத்தான் இருந்தனான் சேர். எழுபதுக்கு நூற்றிப்பத்துப் போட்டிருக்கிறியள். தங்கடை பிள்ளையளுக்குக் கொஞ்சம் கூடப் போடுறது வழக்கந்தான். எண்டாலும்…”

அது பிறசர் என்றேன்.

“சரி, பத்துக்கு எத்தினை எண்டு சொல்லுங்கோ. நாலு மணிக்குக் கூட்டம். அந்தப் பெட்டி வெறுமையாய் இருந்தால் பிள்ளையை எடுக்க மாட்டினம்.”

இருபத்திரண்டு வருடமாகத் தேர்ச்சி அறிக்கைகளில் ‘முயன்றால் முன்னேறலாம்’ என்று எழுதி வருகிறேன். கனடாவுக்குப் போனவனுக்கும் அதைத்தான் எழுதினேன், பதினெட்டில் கலியாணம் முடித்தவளுக்கும் அதைத்தான் எழுதினேன். அந்த வசனம் யாருக்கும் பொருந்தும். எழுதும்போது நான் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதுகூட இல்லை. எப்போது அப்படிப் பார்ப்பதை விட்டேன் என்றும் நினைவில்லை. இப்போது ஒருவர் போனில் எண் கேட்கிறார், அதுவும் நாலு மணிக்குள். அவளைப் பற்றி எனக்கு என்ன தோன்றுகிறது என்று தேடிப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. மடியில் கிடந்த இடது கையைப் பார்த்தேன்.

“ஒன்பது,” என்றேன்.

“ஒண்டு ஏன் குறைச்சனீங்கள்?”

“ஆளுக்கு எறிஞ்சவள்.”

“ஆருக்கு?”

“எனக்கு. நான் ஓடிக்கொண்டிருந்தனான். அவள் மற்றத் தொங்கலில நிண்டவள். பட்ட கை இன்னும் மரத்துப்போய்க் கிடக்கு.”

“தற்செயலாய்ப் பட்டதோ?”

“இல்லை. பட்டதும் அவுட் எண்டு சொன்னவள்.”

அவர் எழுதுகிற சத்தம் கேட்டது. “அப்ப ஒன்பது சரி சேர்.”

பத்து நாள் கழித்துப் பட்டியல் வந்தது. அதில் அவள் பெயர் இருந்தது. இடைவேளையில் சைக்கிள் கொட்டகையில் கண்டு சொன்னேன்.

“ஓம் சேர்,” என்றாள். பிறகு, “அங்கை ஆளுக்கு எறியக் கூடாதாமே?” என்று கேட்டாள்.

“கூடாது.”

“அப்ப எதுக்கு எறியிறது?”

“தளத்தில நிக்கிறவையின்ரை கையுறைக்கு.”

கொஞ்சம் யோசித்தாள். “அது ஓடாதெல்லோ சேர்,” என்றாள். “அப்ப லேசுதானே.”

இடைவேளை முடிந்துவிட்டது என்று நினைவு வந்து விசிலை எடுத்தேன். இடது கையால் எடுத்ததில் அது சின்ன விரலுக்குள்ளால் நழுவி விழுந்தது. விழுந்த சத்தம் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது. அவள் குனிந்து எடுத்துத் தந்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.