நஸ்ரின் செஸ் ஆடிய நாட்கள்

தில்லை நகர்க் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் முந்தின நாள் விருந்தின் சாம்பார் வாசனைதான் முகத்தில் அடித்தது. வாடிய மல்லிகைச் சரங்களை ஓரம் தள்ளிவிட்டு, சாப்பாட்டு மேசைகளில் செஸ் போர்டுகளை விரித்திருந்தார்கள்.

நானும் நஸ்ரினும் அப்போது பதினோராம் வகுப்பு. நான் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ். அவள் அத்தாவுக்குப் பெரிய கடைவீதியில் பாத்திரக்கடை. நான் சுமாராக ஆடுவேன். நஸ்ரின் அப்படியில்லை...

கடைசி ரவுண்டில் அவளுக்கு எதிரே வெளியூர்ப் பொடியன் ஒருவன். உட்கார்ந்தால் போர்டு எட்டாது என்று நாற்காலியில் மண்டியிட்டு ஆடினான். பெரியவர்களையெல்லாம் ஜெயித்துவிட்டு வந்தவன். நஸ்ரின் குதிரையை வெட்டுக் கொடுத்து அவன் ராஜாவை மடக்கினாள். பையன் அழுதுவிட்டான்.

வாசலில் நின்ற அத்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அடுத்த வருஷம் உன்னை வெளிநாட்டு டோர்னமென்ட்டுக்கு அனுப்புறேம்மா. இன்ஷா அல்லாஹ், கிராண்ட்மாஸ்டரா வா."

அப்போது நாட்டில் அந்த உயரத்தில் பெண்கள் வெகு சிலர். நஸ்ரினுக்கு அங்கே ஓர் இடம் இருக்கிறது என்றே நம்பினோம்.

அடுத்த வருஷம் அத்தா பக்கவாதத்தில் படுத்தார். மூத்தவள் நஸ்ரின் கல்லாவில் உட்கார்ந்தாள். முதலில் பக்கத்தில் போர்டும் இருந்தது. நான் போனால் ஆடுவோம்; குக்கர் கேட்டு யாராவது வருவார்கள், ஆட்டம் பாதியில் நிற்கும். பிறகு அந்த இடத்தில் ஹாட்பாக்ஸ் அடுக்கிவிட்டாள்.

அந்தப் பொடியன் இன்று நாட்டின் முதல் வரிசை ஆட்டக்காரர்களில் ஒருவன். அவனைப் போல இருபதை ஒட்டிய வயதில் எத்தனை பேர்! உலகமே நம் பிள்ளைகளைப் பார்த்துப் பயப்படுகிறது.

போன மாதம் அவன் ஆட்டம் லைவில் ஓடியபோது, போனோடு கடைக்கு ஓடினேன்.

"நஸ்ரின், யாருன்னு பாருடி!"

வெகுநேரம் பார்த்தாள்.

"அந்தச் சிப்பாயை எதுக்குடி தள்ளினான்?"

"என்னைக் கேட்டா? நீதான் சொல்லணும்."

"அன்னைக்கு அவன் என்ன ஆடப்போறான்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சுது. இப்ப... ஒண்ணுமே புரியலடி."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாத்திரம் வாங்க வாசலில் வந்து நின்ற ஓர் அம்மாவைப் பார்த்து, "உள்ள வாங்கம்மா, இட்லிப் பானையா?" என்றாள்.

அந்த நாட்களில் நம் பெரிய ஆட்டக்காரர்களின் பெயர்களை ஒரு டீ குடிப்பதற்குள் சொல்லி முடித்துவிடலாம். இப்போது சொல்லிக்கொண்டே போகலாம். பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பெயரையும் கேட்கும்போது நான் இன்னொரு பெயருக்காகக் காத்திருக்கிறேன்... அது வரவே போவதில்லை.